மறைத்தேன் என்று சொல்லி மறைத்தல்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழருள் கன்னடத்தைத் தங்குதடையின்றிப் பேசுவோர் பலர். ஆனால் அவர்களுள் கன்னட எழுத்தை வாசிக்கத் தெரியாதவரும் உண்டு. பேருந்தின் வழித்தடப் பலகை அத்தகையவருக்குப் புரிவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சொல் கேட்டால் அந்தப் புரியாமை தீர்ந்துவிடுகிறது. பலகையை எழுதியவர் எதையும் ஒளிக்கவில்லை. வாசிப்பவருக்கு எழுத்து தெரியவில்லை, அவ்வளவே.

இரண்டாவது வகைப் புரியாமை ஒன்று உண்டு. நன்னூல் அதற்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொண்ட சொற்கள் இவை. வாங்க வந்தவர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே அவரை உரையாடலுக்கு வெளியே நிறுத்திவிடும் ஆற்றல் இச்சொற்களுக்கு உண்டு.

மூன்றாவது வகை, புரியாமல் எழுதுவதையே ஒரு வித்தையாகச் செய்து, அதை அவையில் வைத்து, 'இதைப் பிரித்துப் பாருங்கள்' என்று அழைப்பது. தமிழில் இதற்குச் சித்திரகவி என்று பெயர். கணினித் துறையில் இதற்கு நிகரானது, வேண்டுமென்றே புரியாதபடி நிரல் எழுதும் கலை.

இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. விளையாட்டாகச் செய்யும் மூன்றாவதைக் கல்வியுலகம் வீண்வேலை என்று ஒதுக்குகிறது. தீங்காகச் செய்யும் இரண்டாவதை 'தொழில்நுட்பம் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று ஏற்றுக்கொள்கிறது. இவ்விரு முடிவுகளும் தலைகீழானவை என்பதே இப்பதிவின் வாதம்.

1. கேலியாகத் தொடங்கிய பாடம்

1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பணியாற்றிய லாண்டன் கர்ட் நோல், லாரி பாசெல் ஆகிய இருவர் ஒரு போட்டியைத் தொடங்கினர். யூனிக்ஸ் இயங்குதளத்தின் போர்ன் ஷெல், பிங்கர் ஆகியவற்றின் மூலநிரல்களைக் கண்ட திகைப்பே அதற்குத் தூண்டுதல். போர்ன் ஷெல்லை எழுதிய ஸ்டீபன் போர்ன், மேக்ரோக்களைக் கொண்டு சி மொழியை அல்கால் மொழிபோலத் தோன்றச் செய்திருந்தார். நல்ல நோக்கத்தோடு எழுதிய நிரலே இவ்வளவு குழப்பமானால், குழப்பவேண்டும் என்றே முனைந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேலிக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஐஓசிசிசி என்னும் பன்னாட்டுப் புரியா சி நிரல் போட்டி. நல்ல நிரல்நடையின் அருமையை எதிர்மறையாக உணர்த்துவதும், சி மொழியின் நுட்பங்களை வெளிக்கொணர்வதும், கம்பைலர்களைச் சோதனைக்கு உள்ளாக்குவதும் அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்கள்.

இக்கலை எப்படி இயல்கிறது என்பதற்கு ஓர் எளிய சான்று போதும். சி மொழியில் ஓர் அணியின் ஐந்தாம் எண்ணுள்ள உறுப்பைச் சுட்ட, அணியின் பெயரை வெளியிலும் எண்ணைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுதுவது வழக்கம். எண்ணை வெளியிலும் பெயரை அடைப்புக்குள்ளும் மாற்றி எழுதினாலும் நிரல் அதேபோல் இயங்கும். மொழியின் விதிப்படி அது ஒரு கூட்டல்; முகவரியோடு எண்ணைக் கூட்டினாலும், எண்ணோடு முகவரியைக் கூட்டினாலும் விடை ஒன்றே. இந்த உண்மையைப் பாடநூலில் படித்து மறந்தவர் பலர். குழப்பமான ஒரு நிரலில் இதை எதிர்கொண்டு அரைநாள் தவித்தவர் வாழ்நாளில் மறப்பதில்லை.

1988ஆம் ஆண்டுப் போட்டியில் பிரையன் வெஸ்ட்லி அனுப்பிய நிரல் இன்றும் பேசப்படுகிறது. சிறுகோடுகளாலும் அடிக்கோடுகளாலும் வரையப்பட்ட ஒரு வட்டமே அதன் உடல். இயக்கினால் அது பை என்னும் மாறிலியின் தோராய மதிப்பைச் சொல்லும். வட்டத்தின் பரப்பை நிரல் தானே எண்ணி, ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. இன்னும் துல்லியமான விடை வேண்டுமானால் இன்னும் பெரிய வட்டம் வரையவேண்டும். சி மொழி 1989இல் தரப்படுத்தப்பட்டபின் இந்நிரல் பழையபடி இயங்கவில்லை, திருத்தம் தேவைப்பட்டது. மேக்ரோக்களை விரிக்கும் முன்செயலியின் நடத்தை எப்படி மாறியது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பாடம் கிடைப்பது அரிது.

1984இல் முல்லெண்டரும் வான் ரெனெஸ்ஸும் அனுப்பிய நிரலில் வழக்கமான முதன்மைச் செயற்கூறே இல்லை. அந்த இடத்தில் எண்களின் வரிசை ஒன்று மட்டும் இருந்தது. அவ்வெண்கள் பிடிபி-11, வாக்ஸ் ஆகிய இருவகைக் கணினிகளின் இயந்திரக் கட்டளைகள். தரவுக்கும் கட்டளைக்கும் இடையே இயந்திரத்தின் பார்வையில் சுவர் எதுவும் இல்லை என்பதை ஒரே வீச்சில் காட்டிய நிரல் அது. 1994இல் ஒருவர் ஒன்றுமே இல்லாத வெற்றுக் கோப்பை அனுப்பி, 'தன்னைத்தானே அச்சிடும் உலகின் மிகச் சிறிய நிரல்' என்றார். விதிகளை மிக மோசமாக வளைத்ததற்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. 2001இல் ஃபாப்ரிஸ் பெல்லார் அனுப்பிய சிறு நிரல், தன்னையே தொகுக்கவல்ல ஒரு சி கம்பைலர். பின்னாளில் பலர் பயன்படுத்திய டிசிசி கம்பைலர் அந்த விளையாட்டிலிருந்து வளர்ந்தது.

இப்போட்டியில் மறைப்பு முழுவதும் வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. வென்ற நிரல்கள் ஆசிரியரின் விளக்கக் குறிப்போடும் நடுவர்களின் கருத்தோடும் வெளியிடப்படுகின்றன. பூட்டைச் செய்தவரே திறவுகோலையும் பக்கத்தில் தொங்கவிடுகிறார். முதலில் திறவுகோல் இல்லாமல் முயன்று பார்க்குமாறு கேட்டுக்கொள்வது மட்டுமே அவருடைய வேண்டுகோள்.

2. மிறைக்கவியும் அதன் உரையும்

தமிழ் மாணவருக்கு இவ்வமைப்பு புதிதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல், கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் என 12 வகைச் சித்திரகவிகளை வரிசைப்படுத்துகிறது. இவற்றுள் சிலவற்றின் செயல்முறையை இன்றைய நிரலாளர் கேட்டால் உடனே தம் துறையை அடையாளம் கண்டுகொள்வார்.

மாலைமாற்று முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றே. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடிய மாலைமாற்றுப் பதிகம் இதன் உச்சம். சருப்பதோபத்திரம் 64 கட்டங்களில் எழுத்துகளை அடைத்து, நாற்புறத்திலிருந்தும் அதே செய்யுள் வரச் செய்வது. நாகபந்தத்தில் பாம்புகளின் உடல்கள் வெட்டிக்கொள்ளும் சந்திகளில் நிற்கும் எழுத்து இரண்டு அடிகளுக்குப் பொதுவாக உழைக்கிறது. ஒரே நினைவக இடத்தை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்தும் நிரலாளரின் சிக்கனத்தை இது நினைவூட்டும். காதைகரப்பில் ஒரு செய்யுளை இறுதியிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகத் திரும்ப வாசித்தால் வேறொரு செய்யுள் வெளிப்படும். வாசிக்கும் முறையே அங்கு மறைந்த நிரல்.

இம்மரபுக்கு மிறைக்கவி என்றும் ஒரு பெயர் உண்டு. மிறை என்பதற்குத் துன்பம், வருத்தம் என்பன பொருள். பாடுவோரையும் படிப்போரையும் வருத்தும் கவி என்று மரபே தன்னைக் கேலி செய்துகொண்டது. சித்திரகவி உயர்ந்த கவிதையாகாது என்ற திறனாய்வாளரின் கருத்தும் நியாயமானதே. சொற்சிலம்பத்தில் உணர்ச்சி வற்றிவிடுவது பல செய்யுள்களில் கண்கூடு. புரியா நிரல்கள் நல்ல மென்பொருளாகாது என்பதும் அவ்வாறே உண்மை. அவற்றை எழுதுவோரே அதை முதலில் சொல்வர். ஆயினும் இலக்கணம் இவற்றை ஒதுக்காமல் வகைப்படுத்திச் சூத்திரம் வகுத்தது. காரணம், ஒரு மொழியின் எலும்புக்கூட்டைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் கிடைக்கிறது. இதழ் குவியாமலும் இதழ்கள் தொடாமலும் பாடவேண்டிய நிரோட்டகத்தை எழுத முயல்பவருக்கு, தமிழின் எந்தெந்த ஒலிகள் இதழில் பிறக்கின்றன என்பதை வேறு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இம்மரபின் அறத்தைச் சுட்டும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. வில்லிபுத்தூரார் வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுப்பவர் என்று கதை சொல்கிறது. அவருக்கும் அருணகிரிநாதருக்கும் வாது நேர்ந்தது. அருணகிரியார் கந்தரந்தாதியைப் பாடப் பாட, வில்லியார் உடனுக்குடன் உரை சொல்லிக்கொண்டே வந்தார். 54ஆம் பாடல் முழுவதும் தகர வருக்க எழுத்துகளால் ஆனது. அதில் வில்லியார் தடுக்கி நின்றார். அருணகிரியார் அதற்குத் தாமே பொருள் சொன்னார். காதையும் அறுக்காமல் விட்டார். அதோடு அந்தத் துறட்டையும் கீழே வைக்கச் செய்தார் என்று கதை முடிகிறது.

வரலாறாக இதை ஏற்கவேண்டியதில்லை. மரபு தன் நெறியை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதே முக்கியம். பாடலைக் கடினமாக்கியதற்காக அருணகிரியாரைக் கதை குறை கூறவில்லை. கடினத்தைக் கருவியாக்கிக் காதறுத்த வில்லியாரைத்தான் திருத்துகிறது. புதிர் போட்டவர் உரையும் சொல்லக் கடமைப்பட்டவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரிதிமாற்கலைஞர் சித்திரகவி விளக்கம் என்று ஒரு நூலையே எழுதியதும் இந்தக் கடமையின் தொடர்ச்சிதான்.

3. திறவுகோல் தொலைந்தால்

உரை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரிலேயே சான்று இருக்கிறது. குமுதேந்து முனிவர் இயற்றியதாகச் சொல்லப்படும் சிரிபூவலயம் என்னும் கன்னட நூலில் எழுத்துகளே இல்லை. 1 முதல் 64 வரையிலான எண்கள் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு சக்கரமும் 27 வரிசை, 27 நிரை என 729 கட்டங்கள் கொண்டது. எண் ஒவ்வொன்றும் ஓர் ஒலிக்கு ஈடு. குறில், நெடில், அளபெடை என விரியும் 27 உயிர்கள், 25 வருக்க மெய்கள், 8 பிற மெய்கள், 4 யோகவாகங்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 64. கட்டங்களை எந்த வழியில் சுற்றிவர வேண்டும் என்பதைப் பந்தங்கள் தீர்மானிக்கின்றன. வழி மாறினால் செய்யுளும் மாறும். எல்லப்ப சாஸ்திரியிடம் இருந்த சுவடியை அடிப்படையாகக் கொண்டு, கர்லமங்கலம் ஸ்ரீகண்டையாவின் உழைப்போடு 1953இல் அதன் ஒரு பகுதி அச்சேறியது.

அமைப்பின் அழகு மறுக்க முடியாதது. ஆயினும் நூலைச் சுற்றி எழுந்த கூற்றுகள் வேறு வகையானவை. 718 மொழிகளின் இலக்கியங்கள் இதில் அடங்கியுள்ளன என்றும், இக்கால அறிவியல் முழுவதும் இதில் உண்டு என்றும் ஆர்வலர் பலர் எழுதினர். நூலை ஒன்பதாம் நூற்றாண்டினது என்போரும், மொழியையும் யாப்பையும் கொண்டு பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்போரும் இன்னும் ஒன்றுபடவில்லை. எல்லாப் பந்தங்களின் விதிகளும் பொதுவில் நிலைநாட்டப்படாத வரையில் இவ்வழக்கு தீராது. எந்தப் பாதையில் வேண்டுமானாலும் எழுத்துகளைப் பொறுக்கலாம் என்றால், போதிய பொறுமை உள்ளவருக்கு எந்தக் கட்டத்திலிருந்தும் எந்தச் செய்தியையும் எடுக்க முடியும். அப்போது கண்டெடுத்தது எது, கற்பித்துக்கொண்டது எது என்று பிரித்தறிய வழியில்லை.

புரியா நிரலுக்கு இந்த இக்கட்டு இல்லை. எவ்வளவு குழப்பமாக எழுதப்பட்டிருந்தாலும் அதை இயக்கிப் பார்க்கலாம். விளக்கம் சரியா தவறா என்பதற்குக் கணினியே நடுவர். சுவடிப் புதிர்களுக்கு அத்தகைய நடுவர் இல்லாததால், அங்கு உரையாசிரியரின் நேர்மையும் விதிகளின் வெளிப்படைத்தன்மையும் இருமடங்கு தேவைப்படுகின்றன. ஆய்வு மாணவர் இரு துறைகளிலிருந்தும் கற்கவேண்டிய பாடம் இது.

4. தெளிவு போல் தோன்றும் களவு

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு பிங்காம்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிரேவர் ஒரு மாற்றுப் போட்டியைத் தொடங்கினார். அதில் நிரல் தெளிவாகவும் நேர்மையாகவும் தோன்றவேண்டும். யார் சரிபார்த்தாலும் ஐயம் எழக்கூடாது. ஆனால் உள்ளே ஒரு தீச்செயல் நடக்கவேண்டும். ஐஓசிசிசியின் நேரெதிர் பிம்பம் இது. ஆராய்ச்சிக்கும் எச்சரிக்கைக்குமாக நடத்தப்பட்ட அப்போட்டி காட்டிய உண்மை கசப்பானது: குழப்பமான நிரலைக் கண்டால் எவரும் எச்சரிக்கை அடைகின்றனர், தெளிவான நிரலைக் கண்டால் கண் தளர்கிறது.

2003 நவம்பரில் லினக்ஸ் கருநிரலின் ஒரு நகலில் யாரோ இரண்டு வரிகளைச் செருகினர். ஒரு நிபந்தனையைச் சோதிக்கும் வரிபோல் அது தோன்றியது. சமன் குறி இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் இருந்தது. இரண்டு சமன் குறி ஒப்பிடும். ஒன்று மதிப்பை மாற்றிவிடும். அந்த ஒற்றைக் குறியால், குறிப்பிட்ட முறையில் அழைப்பவருக்குக் கணினியின் முழு அதிகாரமும் கிடைத்திருக்கும். முதன்மைப் பதிவேட்டில் அம்மாற்றத்துக்கு ஒப்புதல் இல்லை என்பதால் அது பிடிபட்டது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளில் கண்டறியப்பட்ட பின்கதவு இன்னும் நுட்பமானது. தீய நிரல், சோதனைக்கான இருமக் கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுத்து இணைக்கும் கட்டளை, வெளியீட்டுப் பொதியில் இருந்ததே தவிர, பலர் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் நிரலாளரால் அது வெளிப்பட்டது. அத்துருவலுக்குத் தேவைப்பட்டது, குழப்பமான கட்டளைகளைப் பொறுமையோடு அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கும் பயிற்சி. புரியா நிரல்களை வாசிக்கும் 'வீண்வேலை' தரும் பயிற்சியும் அதுதான்.

ஐஓசிசிசி தொடங்கிய அதே 1984இல்தான் யூனிக்ஸை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்சனின் டூரிங் விருது உரை அச்சில் வந்தது. மூலநிரலில் எந்தத் தடயமும் இல்லாமல், கம்பைலருக்குள்ளேயே பின்கதவை நிலைநிறுத்த முடியும் என்று அவர் காட்டினார். ஒருபுறம் புரியாமையைப் பறைசாற்றி விளையாடிய கூட்டம்; மறுபுறம் முழுத்தெளிவுக்குள்ளும் வஞ்சம் இருக்கலாம் என்ற எச்சரிக்கை. ஒரே ஆண்டு இவ்விரண்டையும் தந்தது தற்செயல்; இரண்டையும் சேர்த்துப் படிப்பது அவசியம்.

5. ஒரு மறுப்பும் விடையும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மறையீட்டியல் அறிஞர்கள் நிரலைத் திறக்க முடியாதபடி மறைப்பதையே பல ஆண்டுகளாக ஆராய்கின்றனர். திறவுகோல் தராத மறைப்பு தீங்கு என்றால், அவ்வாராய்ச்சியும் தீங்கா?

அதன் வரலாறே விடை தருகிறது. 2001இல் போவாஸ் பராக் உள்ளிட்ட எழுவர், ஒரு நிரலை முழுமையான கருப்புப் பெட்டியாக்கும் பொதுவழி எதுவும் இருக்க முடியாது என்று நிறுவினர். ஆயினும் வலுக்குறைந்த வேறொரு வரையறையை அவர்கள் முன்வைத்தனர்: ஒரே அளவுள்ள, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரல்களை மறைத்தபின், எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் பிரித்தறிய முடியாதிருந்தால் போதும். 2013இல் சஞ்சம் கார்க் முதலிய அறுவர் அதற்கு முதல் வழியைக் காட்டினர். 2020இல் ஆயுஷ் ஜெயின், ஹுவிஜியா லின், அமித் சகாய் மூவரும் நன்கு ஆராயப்பட்ட அனுமானங்களின்மேல் அதை நிறுத்தினர். மூன்று ஆய்வுகளிலும் அமித் சகாயின் பெயர் இருக்கிறது. ஒரு முடியாமையை நிறுவியவர்களுள் ஒருவரே சுமார் 20 ஆண்டுகள் உழைத்து, எது முடியும் என்பதையும் காட்டியிருக்கிறார்.

இவ்வாராய்ச்சியில் மறைக்கும் முறை ஒவ்வொரு வரியும் வெளியிடப்பட்டிருக்கிறது. 1883இல் கெர்க்காஃப்ஸ் வகுத்த நெறி அது: முறை எதிரியின் கைக்குப் போனாலும் பாதகம் இருக்கக்கூடாது, இரகசியம் சாவியில் மட்டுமே இருக்கவேண்டும். எதை மறைக்கிறோம், எப்படி மறைக்கிறோம், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பவற்றை அறிவித்துவிட்டு மறைப்பது மறையீட்டியல். ஆகவே முன்னர்ச் சொன்ன அளவுகோலைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். எல்லா மறைப்பும் திறக்கப்பட வேண்டும் என்பதில்லை. ஆனால் எல்லா மறைப்பும் தன்னை மறைப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறைத்தேன் என்று சொல்லி மறைப்பது கலையாகலாம், அறிவியலாகலாம். மறைக்கவில்லை என்று காட்டி மறைப்பது களவு.

6. கல்விக்கூடங்களின் பொறுப்பு

லிங்கராஜபுரத்திலிருந்து நாகவாராவின் மான்யதா தொழில்நுட்பப் பூங்காவுக்குச் சில கிலோமீட்டர் தொலைவுதான். அத்தகைய அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் இளம் நிரலாளர் புதிதாக எழுதுவதைவிட, முன்பு யாரோ எழுதிவைத்ததை வாசிப்பதில் மிகுதியான நேரத்தைச் செலவிட நேர்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் பக்கம் பக்கமாக நிரல் தருகின்றன. அந்நிரல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது, மாறிகளின் பெயர்கள் பொருத்தமாக இருக்கின்றன, குறிப்புரைகளும் உள்ளன. கிரேவரின் போட்டி எச்சரித்த தளர்ச்சி இத்தகைய ஒழுங்கின் முன்னால்தான் ஏற்படுகிறது. எழுதும் உழைப்பு குறையக் குறைய, வாசிக்கும் திறனே நிரலாளரின் முதன்மைத் தகுதியாகிவிடும். பாடத்திட்டங்களோ இன்னும் எழுதுவதற்கே மதிப்பெண் தருகின்றன, வாசிப்பதற்குத் தருவதில்லை.

முதலாண்டு சி மொழிப் பாடத்தில் இரண்டு வாரங்களை வாசிப்புக்கு ஒதுக்குவது கடினமன்று. மாணவர் ஒவ்வொருவரும் வென்ற நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பழைய உரையாசிரியர் முறையில் பதம் பிரித்து, கொண்டுகூட்டி, ஒவ்வொரு வரிக்கும் தமிழிலோ கன்னடத்திலோ உரை எழுதட்டும். பின்னர் அதே வேலையைச் செய்யும் தெளிவான நிரலைத் தாமே எழுதட்டும். அடுத்து, தெளிவாகத் தோன்றி வஞ்சிக்கும் நிரல் ஒன்றைத் தந்து அதன் களவைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே கட்டடத்தில் இயங்கும் கல்லூரிகளில், சித்திரகவியும் புரியா நிரலும் ஒரே வகுப்பில் பாடமாகலாம். ஒரு பக்கம் உரை மரபு இருக்கிறது. மறு பக்கம் இயக்கிச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. இரண்டுக்கும் ஒன்றிலிருந்து ஒன்று பெற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

ஆய்வுலகமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி உண்டு. கணக்கீட்டை நம்பியிருக்கும் ஆய்வேட்டில் அக்கணக்கீட்டின் நிரல் இணைக்கப்படாவிட்டால், வாசகர் கையில் இருப்பது முடிவு மட்டுமே. எளிய கருத்தைக் கலைச்சொற்களின் மூட்டைக்குள் கட்டி வைக்கும் கட்டுரைநடையும் அவ்வாறே. சித்திரகவி பாடியவர் 'இது மிறைக்கவி' என்று முன்கூட்டியே சொன்னார். கட்டுரையாளர் அப்படிச் சொல்வதில்லை; புரியாதது வாசகரின் குறை என்றே உணர்த்துகிறார். அது குழூஉக்குறியின் வேலை.

ஆட்சியில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. 2020 ஏப்ரலில் வெளியான ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரல், பொதுவெளியில் எழுந்த வலியுறுத்தலுக்குப்பின் அவ்வாண்டு மே 26 அன்று வெளியிடப்பட்டது. அத்திறப்பு முழுமையானதா என்ற விவாதம் தொடர்ந்தது. ஆனால் கேட்டால் திறக்கவேண்டும் என்ற நெறி ஒருமுறையேனும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஓய்வூதியப் பட்டியலில் ஒரு மூதாட்டியின் பெயர் ஏன் விடுபட்டது என்பதை ஒரு நிரல் தீர்மானிக்கும் காலம் இது. 'கணினி ஏற்கவில்லை' என்ற விடையோடு அவர் திருப்பி அனுப்பப்படுவாரானால், அவருக்கு முன்னால் இருப்பது எழுத்துத் தெரியாத பேருந்துப் பலகையும் அன்று, பொருள் தெரியாத நாகபந்தமும் அன்று. பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர் உதவுவார். பந்தத்துக்கு உரை உண்டு. அவருடைய புதிருக்கோ உரை எழுதக் கடமைப்பட்டவர் யார் என்றே எவரும் சொல்வதில்லை.

உரை கேட்கும் உரிமை இருக்கிறது என்பதை அறிந்தவரே அதைக் கேட்பர். அதை அறிந்த ஒரு தலைமுறையை உருவாக்க, புரியாத நிரல்களை அச்சமின்றிக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்கும் விளையாட்டு நல்ல தொடக்கம். காதறுக்கும் துறட்டைக் கீழே வைக்கச் சொல்வதற்கும் முதலில் 54ஆம் பாடலைப் பாடத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.